புது கேமிங் கம்ப்யூட்டரில் கேம் திக்குகிறதா? கடைக்காரரைத் திட்டும் முன் இதைப் பாருங்க!

பெட்டி வந்து நான்காவது நாள். தாம்பரத்தை ஒட்டிய அந்த அபார்ட்மென்ட்டின் சின்ன பெட்ரூமில், கேபினெட்டுக்குள் கலர் கலராக விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் எதிரில் உட்கார்ந்திருந்த பையனின் முகத்தில் மட்டும் வெளிச்சமே இல்லை.

இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிற பையன். இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு, அப்பாவின் ஆர்டி முதிர்ந்த பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டர். மானிட்டரோடு சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரைசன் 5 7600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம், 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்து அவனே கோத்தது. ஆன் ஆனதும் வீடே கை தட்டியது. அன்று ராத்திரி ஜிடிஏ 5 இன்ஸ்டால் செய்து ஓட்டினால், கார் நகர்வதற்குப் பதில் தாவித் தாவிப் போனது. ஓரத்தில் தெரிந்த எண் 20-ஐத் தாண்டவே இல்லை. 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த கேம் அது. அவனுடைய பழைய டப்பா கம்ப்யூட்டரிலேயே 40 வரை வந்துகொண்டிருந்தது.

"பழசே நல்லாதானடா ஓடிச்சு?" என்றார் அம்மா. அப்பா எதுவுமே கேட்கவில்லை. அதுதான் பையனை இன்னும் வதைத்தது.

கார்டு டெட் என்று அவன் முடிவுகட்டியதற்கு ஒரு காரணமும் இருந்தது. கிராபிக்ஸ் கார்டில் இருந்த இரண்டு ஃபேனும் சுற்றவே இல்லை. ரிப்ளேஸ்மென்ட்டுக்கு இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. சீல் உடைத்த பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்ற பயம் வேறு. பழைய பொருள் விற்கும் தளத்தில் கார்டை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு, வேறொன்று வாங்கலாமா என்றுகூட விலை போட்டுப் பார்த்துவிட்டான்.

சொந்தமாக கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற வீடுகளில் இந்தக் காட்சி அபூர்வமே இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை மாலை நின்று பார்த்தால் தெரியும். கார்டைத் தூக்கிக்கொண்டு "ஓடலை" என்று வருகிறவர்களில் பலருக்கு கார்டில் கோளாறே இருக்காது. பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் சர்வீஸ் சென்டரில் போய் நின்று கத்தலாம். அசெம்பிள் செய்ததில் பிராசஸர் ஒரு கம்பெனி, மதர்போர்டு ஒரு கம்பெனி, கார்டு இன்னொரு கம்பெனி. எல்லாவற்றையும் சேர்த்தது நாம். ஆகவே எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையும் நம்முடையதுதான்.

அது என்ன எஃப்பிஎஸ்?

கேம் ஆடாத பெற்றோருக்காக ஒரு நிமிடம். சினிமா ஒரு விநாடிக்கு 24 படங்களை ஓட்டுகிறது. கேமிலும் அதே கதைதான். ஒரு விநாடிக்கு எத்தனை படம் வரைய முடிகிறது என்பதுதான் எஃப்பிஎஸ். சினிமாவின் படங்கள் ஏற்கெனவே எடுத்துவைத்தவை. கேமில் ஒவ்வொரு படமும் அந்த நொடியில், நீங்கள் மவுஸைத் திருப்பும் திசைக்கு ஏற்ப, புதிதாக வரையப்படுகிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே படுகிறது என்று கணக்குப் போடுவது பிராசஸர். அதைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒரு படத்தை சுமார் 16.7 மில்லி செகண்டில் முடித்தாக வேண்டும். 165 வேண்டுமென்றால் ஆறே ஆறு மில்லி செகண்டு. இதில் ஒருவர் தாமதித்தாலும் மற்றவர் கைகட்டி நிற்க வேண்டியதுதான். 20 எஃப்பிஎஸ் என்பது 'கொஞ்சம் மெதுவாக இருக்கிறது' என்ற ரகம் அல்ல, ஆடவே முடியாது.

மாமா வந்தார், பின்னால் பார்த்தார்

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்த தாய்மாமா, ஒரு அலுவலகத்தில் சிஸ்டம் அட்மின். பையன் ஒரு மூச்சில் புலம்பித் தீர்த்தான். மாமா ஸ்க்ரூடிரைவரைக்கூடத் தொடவில்லை. மொபைல் டார்ச்சைப் போட்டு, கேபினெட்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மாப்ள, மானிட்டர் ஒயரை எங்க சொருகி வச்சிருக்க?"

"பின்னாடிதான் மாமா. ஹெச்டிஎம்ஐ-ல."

"பின்னாடி ரெண்டு இடத்துல ஹெச்டிஎம்ஐ இருக்குடா. மேல இருக்கிறது மதர்போர்டோடது. கீழ படுக்கை வசமா இருக்குது பாரு, அதுதான் கார்டோடது."

அவ்வளவுதான் விஷயம். ரைசன் 7000 வரிசை பிராசஸர்களில் பெரும்பாலானவற்றுக்குள் ஒரு குட்டி கிராபிக்ஸ் சிப் உண்டு. படம் பார்க்க, எக்செல் போட அது தாராளமாகப் போதும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகினால், திரை அந்தக் குட்டிச் சிப்போடு சேர்ந்துகொள்கிறது. பழைய கேம்கள் பலவும் திரை எந்தச் சிப்போடு இணைந்திருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். முப்பதாயிரம் ரூபாய் கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்க, குட்டிச் சிப் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சில புதிய கேம்களில் விண்டோஸே வேலையைப் பெரிய கார்டிடம் ஒப்படைத்து, முடிந்த படத்தை மட்டும் மதர்போர்டு வழியாக அனுப்பும். கேம் ஓடும், ஆனால் அந்தச் சுற்றுவழியில் வேகம் குறையும். அதனால்தான் இந்தத் தவற்றைச் சிலர் மாதக்கணக்கில் கண்டுபிடிக்காமலே இருக்கிறார்கள்.

'எஃப்' என்ற எழுத்தில் முடியும் இன்டெல் பிராசஸரோ, ரைசன் 5 5600 மாதிரியானதோ இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. அவற்றுக்குள் கிராபிக்ஸ் சிப் கிடையாது. தவறான இடத்தில் சொருகினால் திரையே வராது. ஒருவகையில் அதுவே நல்லது.

அப்படியானால் சுற்றாத ஃபேன்? அதுவும் கோளாறல்ல. இப்போது வரும் கார்டுகளில் பல, சூடு ஒரு அளவைத் தாண்டும் வரை ஃபேனைச் சுற்ற விடுவதில்லை. சத்தம் வேண்டாமே என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கார்டுக்கு வேலையே இல்லாதபோது சூடு எங்கிருந்து வரும்?

கேபிள் இடம் மாறியது. கேம் திரும்ப ஓடியது. ஓரத்தில் 110, 120 என்று எண் ஏறியது. பையன் துள்ளிக் குதிக்கவில்லை. திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, நம்பர் வருது. ஆனா கண்ணுக்கு ஸ்மூத்தா தெரியலையே" என்றான்.

பையனுக்குக் கண் கூர்மை. அவன் சொன்னது சரி.

165 வாங்கி 60-ல் ஓட்டுகிறவர்கள்

மானிட்டர் பெட்டியில் 165 ஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், சொருகியதும் அது 60 ஹெர்ட்ஸில் தொடங்குவது சகஜம். விநாடிக்கு 120 படம் கார்டு அனுப்பினாலும் திரை 60 முறைதான் மாறும். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய் நாமே 165-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே 165 என்ற எண்ணே வரவில்லையா? கேபிளைச் சந்தேகப்படுங்கள். சில மானிட்டர்களில் ஹெச்டிஎம்ஐ வழியாக முழு வேகம் கிடைக்காது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில்தான் கிடைக்கும். பழைய டிவியோடு வந்த கேபிளை எடுத்துச் சொருகுவது நம் வீடுகளின் தேசியப் பழக்கம். மானிட்டர் பெட்டிக்குள்ளேயே சரியான கேபிள் பெரும்பாலும் பிரிக்காமல் கிடக்கும்.

கேமுக்கு உள்ளேயும் ஒரு பூட்டு உண்டு. வி-சிங்க் என்ற செட்டிங் ஆனில் இருந்தால், திரையின் வேகத்துக்கு மேல் கேம் படம் வரையாது. எவ்வளவு மாற்றினாலும் சொல்லிவைத்த மாதிரி 60-லேயே எஃப்பிஎஸ் நிற்கிறது என்றால், அது பலவீனம் இல்லை, யாரோ போட்ட கட்டுப்பாடு. பலவீனமாக இருந்தால் எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

யார் கை கட்டி நிற்கிறார்கள்?

அடுத்ததாக மாமா செய்தது, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை இறக்கியது. எம்எஸ்ஐ கார்டு இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். கேம் ஓடும்போதே திரையின் மூலையில் கார்டின் உழைப்பு, சூடு, பிராசஸரின் வேகம், ரேம் பயன்பாடு எல்லாவற்றையும் காட்டும். இந்த எண்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி டாக்டர் ஆகிவிடலாம்.

கார்டின் உழைப்பு 97, 98, 99 சதவிகிதம் என்று காட்டினால் பதற வேண்டாம். அதுதான் ஆரோக்கியம். காசு கொடுத்து வாங்கிய கார்டு முழுசாக உழைக்கிறது என்று அர்த்தம். அப்போதும் எஃப்பிஎஸ் போதவில்லை என்றால் கேமின் கிராபிக்ஸ் செட்டிங்கைக் குறைக்க வேண்டியதுதான். மாறாக, கார்டு 50, 60 சதவிகிதத்தில் சாவகாசமாக இருக்க, எஃப்பிஎஸ்ஸும் குறைவாக இருந்தால், அதற்கு வேலை கொடுக்க வேண்டியவர் எங்கோ திணறுகிறார். பிராசஸராக இருக்கலாம், ரேமாக இருக்கலாம்.

இதைச் சோதிக்க ஒரு சுலப வழி உண்டு. கேமின் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்குக் குறையுங்கள். படம் கேவலமாகத் தெரியும், பரவாயில்லை, ஒரு நிமிடம்தானே! எஃப்பிஎஸ் எகிறினால் அதுவரை தடையாக இருந்தது கிராபிக்ஸ் கார்டு. கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் தடை பிராசஸர் பக்கம். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரியான கேம்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். விநாடிக்கு முந்நூறு படம் கேட்கும்போது பிராசஸரும் ரேமும்தான் வியர்க்கின்றன. அந்த கேம்களுக்காக மட்டும் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டில் பணத்தைக் கொட்டுவது வீண்.

பையனின் வாலரன்ட்டில் அதுதான் தெரிந்தது. கார்டு பாதி வேலைகூடச் செய்யவில்லை. சராசரி எண் அழகாகத்தான் இருந்தது. ஆனால், யாராவது திடீரென எதிரே வரும்போதெல்லாம் ஒரு சின்னத் திக்கல். ஆட்டமே அந்த நொடியில்தானே இருக்கிறது?

வாங்கிய வேகத்தில் ரேம் ஓடவில்லை

மாமா டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் மெமரியைக் காட்டினார். ஸ்பீட் என்ற இடத்தில் 4800 என்றிருந்தது.

"பெட்டில என்ன போட்டிருந்தான்?"

"6000 மாமா."

"ஆன் பண்ணியா?"

"ரேமை எங்க மாமா ஆன் பண்றது?"

நிறைய பேருக்கு இது தெரியாது. கடைக்காரரும் சொல்வதில்லை. பெட்டியில் 6000 என்று போட்டு விற்கும் டிடிஆர்5 ரேம், எந்த மதர்போர்டிலும் பத்திரமாக ஆன் ஆக வேண்டும் என்பதற்காக முதலில் 4800 மாதிரியான பொது வேகத்தில்தான் எழுந்திருக்கும். 3200 என்று வாங்கிய டிடிஆர்4 ரேம் 2133-லோ 2400-லோ 2666-லோ நிற்கும். முழு வேகத்துக்குப் போக, பயாஸுக்குள் நுழைந்து ஒரு புரொஃபைலை நாமே ஆன் செய்ய வேண்டும். இன்டெல் போர்டுகளில் எக்ஸ்எம்பி என்றும், ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்போ என்றும் இருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே டெலீட் கீயைத் தட்டினால் பெரும்பாலான போர்டுகளில் பயாஸ் திறக்கும். ஒரே ஒரு செட்டிங். பைசா செலவில்லை.

மாமா எக்ஸ்போவை ஆன் செய்து சேவ் கொடுத்தார். திரை கறுப்பானது. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. விளக்குகள் எரிகின்றன, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த அம்மா, "என்னடா, இருந்ததும் போச்சா?" என்றார். பையன் சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனான். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில் ரேம் வேகத்தை மாற்றினால், அடுத்த முறை ஆன் ஆகும்போது போர்டு ரேமோடு பேசிப் பேசிச் சரியான அளவைக் கண்டுபிடிக்கும். மெமரி டிரெய்னிங் என்று பெயர். சில நிமிடங்கள்கூட ஆகும். புது கம்ப்யூட்டரை முதல் முறை ஆன் செய்யும்போதும் இதே இருட்டு வரும். அந்த நேரத்தில் பயந்து ஆஃப் செய்து, ரேமைக் கழற்றி மாட்டி, மறுபடி ஆன் செய்து என்று ராத்திரி முழுக்கப் போராடியவர்கள் உண்டு. எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வருவதுதான் வைத்தியம்.

மூன்றாவது நிமிடம் திரை வந்தது. ஸ்பீட் 6000.

திக்கல் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. காரணம், பையன் காசை மிச்சம்பிடிக்க 16 ஜிபியை ஒற்றைக் குச்சியாக வாங்கியிருந்தான். 'இன்னொண்ணு அப்புறம் வாங்கிக்கலாம்' என்ற கணக்கு. கடைகளிலும் இதைத்தான் யோசனையாகச் சொல்வார்கள். ஆனால், பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒற்றை ரேம் போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு, கேமுக்கு நல்லது. இரண்டு வைத்திருப்பவர்களும் நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டுவிட்டால் அதே கதைதான். பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் பொதுவான இடம். போர்டின் கையேட்டில் படமே போட்டிருப்பார்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் மெமரி பக்கத்தில் டிடிஆர்5 ரேமுக்கு 4 x 32 பிட் என்று காட்டினால் இரண்டு பாதையும் திறந்திருக்கிறது. 2 x 32 பிட் என்றால் ஒன்றுதான்.

இரண்டாவது குச்சி வாங்கும்போது அதே மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். அப்போதும் இரண்டும் 6000-ல் ஒத்துப்போகும் என்று உத்தரவாதம் இல்லை. முதலிலேயே ஜோடியாக விற்கும் பெட்டியை வாங்கியிருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

அரை மணி நேரம் கழித்து வரும் சோர்வு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறொரு புகார். ஆரம்பத்தில் நன்றாக ஓடுகிற கேம், அரை மணி நேரத்தில் மெள்ள மெள்ளத் தளர்கிறது. இதற்கு மென்பொருள் எதுவுமே தேவைப்படவில்லை. மாமா கேபினெட் மேல் கையை வைத்து உடனே எடுத்துவிட்டார்.

கேபினெட் இருந்த இடம், மரக் கம்ப்யூட்டர் டேபிளின் கீழ்ப் பெட்டி. முன்னால் கதவு. பின்னால் சுவர். தூசு படாமல் இருக்க அம்மா செய்த ஏற்பாடு. உள்ளிருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது கம்ப்யூட்டர். ரைசன் 5 7600-ன் உச்ச வரம்பு 95 டிகிரி. அதை நெருங்கினால் பிராசஸர் எரிந்துவிடாது. தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். நமக்கு அது 'லேக்' என்று தெரிகிறது. கிராபிக்ஸ் கார்டும் அதையேதான் செய்யும். வெளிநாட்டு யூடியூபர் 22 டிகிரி ஏசி அறையில் எடுத்த அளவுகளை, நம் ஊர் மே மாதத்து அறையில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். சூடு சட்டென்று பத்து டிகிரி குறைந்தால், குற்றவாளி காற்றோட்டம். இந்தக் கேபினெட்டில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. பின்பக்க ஃபேனைத் திருப்பி மாட்டியிருந்தான். வெளியே தள்ள வேண்டிய ஃபேன், சுவரோரத்துச் சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஃபேனின் ஒரு பக்கத்தில் மோட்டாரைத் தாங்கும் சட்டம் இருக்கும். காற்று வெளியேறுவது அந்தப் பக்கமாகத்தான். நான்கு ஸ்க்ரூ, ஐந்து நிமிட வேலை.

தனியாக கூலர் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிராசஸர் மேல் உட்காரும் கூலரின் அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் மாட்டிவிடுகிறவர்கள் அநேகம். ஆன் செய்த இரண்டே நிமிடத்தில் சூடு உச்சிக்குப் போகிறது என்றால், கழற்றிப் பார்ப்பது நல்லது. கழற்றினால் பேஸ்ட் புதிதாகத் தடவ வேண்டும், மறந்துவிடக் கூடாது.

இன்னும் சில சில்லறைச் சந்தேகங்கள்

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால், கார்டுக்கான டிரைவர் இன்னும் ஏறவில்லை. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களிலிருந்து நேராக இறக்கிக்கொள்ளலாம். கேமை எஸ்எஸ்டி-யில் போடாமல், பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஹார்டு டிஸ்க்கில் போட்டால் புதிய கேம்கள் ஆங்காங்கே நின்று நின்று போகும். கார்டை மதர்போர்டின் கீழ் ஸ்லாட்டில் மாட்டினாலும் வேகம் குறையும். மேலே, பிராசஸருக்கு அருகில் இருப்பதுதான் அதன் இடம். ஜிபியு-இசட்டில் ஆர்டிஎக்ஸ் 4060 'x8' என்று காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தக் கார்டின் வடிவமைப்பே அப்படி.

புதிய கேமை முதல் முறை திறக்கும்போது 'ஷேடர்' தயாராகிறது என்று ஒரு பட்டை ஓடும். பொறுமையில்லாமல் அதைத் தாண்டி ஆடப் போனால் முதல் ஒரு மணி நேரம் திக்கத்தான் செய்யும்.

கிராக் செய்த கேம், கிராக் செய்த விண்டோஸ் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. சும்மா வால்பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரில் கார்டோ பிராசஸரோ 80, 90 சதவிகிதம் உழைக்கிறதா? ஓசியில் கிடைத்த கேமோடு சேர்ந்து வந்த ஏதோ ஒன்று, உங்கள் கரன்ட்டில் வேறு யாருக்கோ கிரிப்டோ காசு தோண்டிக்கொண்டிருக்கலாம். 'கேம் பூஸ்டர்', 'எஃப்பிஎஸ் டபுள்' என்று வரும் மென்பொருள்களையும் கிட்டே சேர்க்காமல் இருப்பது உத்தமம். ஒரு ஒயரை மாற்றிச் சொருகுகிற வேலையை எந்த பூஸ்டரும் செய்யாது.

வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அது தருவது பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான். 115 வாட் எடுக்கும் 4060-க்கு அது போதும். அதைவிடப் பெரிய கார்டு போட்டு, கேம் உச்சத்தில் இருக்கும்போது யுபிஎஸ் கத்திக்கொண்டே அணைந்தால், கம்ப்யூட்டரைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, பயாஸ் அப்டேட் செய்வதை மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாதியில் கரன்ட் போனால் சில போர்டுகள் அதன் பிறகு எழுந்திருப்பதே இல்லை.

யூடியூபில் வருகிற எண் ஏன் நமக்கு வரவில்லை?

எல்லாம் சரியாக இருந்தும் ஏமாற்றம் வரும் இடம் இது. வீடியோவில் அதே கார்டு 120 எஃப்பிஎஸ் காட்டுகிறது, நம் வீட்டில் 75. பெரும்பாலும் அந்த வீடியோவில் பிராசஸர், சந்தையிலேயே விலை உயர்ந்தது. டிஎல்எஸ்எஸ் என்ற வசதி ஆனில் இருக்கும். அதாவது படத்தைச் சின்னதாக வரைந்து, பிறகு பெரிதாக்கிக் காட்டுவது. 40 வரிசைக் கார்டுகளில் ஃபிரேம் ஜெனரேஷனும் உண்டு. கேம் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே கார்டே ஒரு படத்தை ஊகித்துச் செருகிவிடும். எண் கூடும். ஆனால், மவுஸ் அசைவுக்குக் கிடைக்கும் பதில் அதே அளவுக்கு வேகமாகாது. 4060 என்பது 1080 ரெசல்யூஷனுக்கான, 8 ஜிபி நினைவகம் உள்ள நடுத்தரக் கார்டு. சைபர்பங்க் 2077-ல் ரே டிரேஸிங்கை உச்சத்தில் வைத்துவிட்டு வேகத்தையும் கேட்டால் அது என்ன செய்யும், பாவம்!

ஆகவே ஒப்பிடுவதற்குப் பொதுவான அளவுகோல் வேண்டும். 3டிமார்க் சோதனையின் இலவசப் பதிப்பு ஸ்டீமில் கிடைக்கிறது. அதில் டைம் ஸ்பை சோதனையை ஓட்டினால், இதே பிராசஸரும் கார்டும் வைத்திருக்கும் மற்றவர்களின் மதிப்பெண்ணோடு உங்களுடையதை வைத்துப் பார்க்கலாம். அருகருகே இருந்தால் கம்ப்யூட்டர் நலம். வெகுவாகக் குறைந்தால், மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று பாக்கியிருக்கிறது, அல்லது நிஜமாகவே பாகம் கோளாறு.

நிஜக் கோளாறும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. திரையில் கோடு கோடாக, கட்டம் கட்டமாக நிறம் சிதறினால், டிரைவரைப் புதிதாக ஏற்றியும் கேம் நடுவே கார்டு காணாமல் போனால், நண்பரின் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அதே நடந்தால், கார்டைத் திருப்பித் தரத் தயங்க வேண்டாம். சீரியல் நம்பரோடு கூடிய ஜிஎஸ்டி பில்லை வாங்கும்போதே கேட்டுப் பெறுங்கள். பில் இல்லாமல் ஆயிரம், இரண்டாயிரம் குறைத்துத் தருவதாகச் சொல்லும் இடத்தில் பிறகு வாரன்டி கேட்டு நிற்க முடியாது. பாகங்களின் பெட்டிகளைப் பத்திரமாக வையுங்கள். பரணில் இடம் இல்லை என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டால், ரிட்டர்ன் நேரத்தில் அதையே காரணமாகச் சொல்வார்கள். நியாயமான புகாரைக் கடையும் கம்பெனியும் தட்டிக்கழித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் ஜிபியு-இசட்டை ஓட்டிப் பார்ப்பது அவசியம். பழைய சிப்பில் புதுப் பெயர் எழுதி விற்கும் போலி என்விடியா கார்டுகள் பலவற்றை அது காட்டிக்கொடுத்துவிடும்.

தாம்பரம் வீட்டில் மாலை ஆறு மணிக்கு டைம் ஸ்பை ஓடியது. மதிப்பெண், இதே கார்டு உள்ளவர்களின் கூட்டத்துக்கு நடுவில் வந்து விழுந்தது. பழைய பொருள் தளத்தில் போட்டிருந்த விளம்பரத்தைப் பையன் சத்தமில்லாமல் அழித்தான். கேபினெட் டேபிளின் மேலே ஏறியது. அம்மா மட்டும், "கரன்ட் பில் எவ்ளோடா வரும்?" என்று விடாமல் கேட்டார். மாமா கணக்குப் போட்டார். மானிட்டரோடு சேர்த்து கேம் நேரத்தில் 250 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஆடினால், இரண்டு மாத பில்லில் 45 யூனிட். "மூணு மணி நேரமா?" என்றார் அம்மா. அந்தப் பேச்சு வேறு திசையில் போகத் தொடங்கியது.

அப்பா அப்போதுதான் அறைக்குள் வந்தார். திரையில் கார் வழுக்கிக்கொண்டு போவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"என்னதான்டா பிராப்ளம்?"

"ஒயரை மாத்தி சொருகியிருந்தேன்ப்பா."

"இதுக்காடா நாலு நாளா சரியா சாப்பிடாம இருந்த? என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

பையன் பதில் சொல்லவில்லை. இரண்டாவது ரேம் குச்சியைப் பற்றிப் பேசுவதற்கு அது சரியான நேரமில்லை என்று மாமா கண்ணைக் காட்டினார். தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.